எஞ்சின் இறந்த தேதி

7

"சாவியிலேர்ந்து கையை எடு, தொகாஷி."

எடுத்தேன். பதினோரு வருஷமாக இவாமி ரிட்சுகோ என்ற அம்மாளிடம் வேலை பார்க்கிறேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தாமலே என் கை தானாக வந்துவிடும்.

"ஒரு தடவை திருப்பிப் பாத்தா சத்தம் தெரியும்ல பாஸ்?"

"பிரேதப் பரிசோதனைக்கு முன்னாடி பொணத்தை எழுப்பி, எப்படிச் செத்தேன்னு கேப்பியா?"

"பதில் சொல்லும்னா கேப்பேன்."

"சொல்லாது. பெல்ட் அறுந்த எஞ்சின்ல சாவியைத் திருப்பினா மிச்சமிருக்கற தடயமும் நசுங்கிப் போகும். கீழே இறங்கு. பெட்டியை எடுத்துட்டு வா."

இறங்கினேன். கசானே ஊரின் தீயணைப்புக் கொட்டகை ஒரு வண்டி நிற்கத்தான் போதும். நாங்கள் இருவரும் பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தது. தகரக் கூரையில் மழை. கதவுக்கு வெளியே மிகான் ஆரஞ்சுத் தோட்டங்கள் படிப்படியாக இறங்கிக் கடலில் போய் முடிந்தன. உள்ளே நின்றது சின்னச் சிவப்பு வண்டி. முதுகில் ஒரு பம்பு, பக்கத்தில் சுருட்டிய குழாய், நெற்றியில் மணி. பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் தொண்டர் படையின் ஒரே ஆயுதம் அது.

போன வியாழக்கிழமை மதியம், நவம்பர் இருபத்தொன்றாம் தேதி, அந்த ஆயுதம் கிளம்பவில்லை. தமாய் கிஹெய் என்ற பெரியவரின் மிகான் கிடங்கு எரிந்தது. நகரத்துத் தீயணைப்பு வண்டி மலையைச் சுற்றி வந்து சேர இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் கிடங்கு போயிற்று, பறித்து வைத்த காய் போயிற்று. பெட்டிகளை வெளியே இழுக்கப் போன பெரியவரின் இடது கையும் வெந்துபோயிற்று.

அன்று சாவியைத் திருப்பியவர் ஹிருமா வதாரு. முப்பத்து மூன்று வயது, யோகோஹாமாவிலிருந்து குடிவந்து இரண்டு வருஷம். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, கண்டபடி சாவியைத் திருப்பி, டைமிங் பெல்ட்டை அறுத்து எஞ்சினைக் கொன்றுவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இன்று நான்கு மணிக்கு ஊர்க்கூடத்தில் கூட்டம். அங்கே ஹிருமா தன் மன்னிப்புக் கடிதத்தை வாசிக்கப் போகிறார். வாசித்த பிறகு இந்த ஊரில் அவருக்கு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் மனைவி சயோ தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

எங்களைக் கூப்பிட்டது அந்த சயோதான். "என் வீட்டுக்காரர் எதுக்கு வேணாலும் மன்னிப்பு கேப்பார்," என்றார் தொலைபேசியில். "மழை பேஞ்சாக்கூடக் கேப்பார். அவர் கடிதத்தைப் படிக்கறதுக்குள்ள, அவர்தான் செஞ்சாரான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

இவாமி இருபத்திரண்டு வருஷம் வாகனத் தகுதிச் சோதனை மையத்தில் இருந்தவர். இப்போது மட்சுயாமாவில் துப்பறியும் அலுவலகம். புருஷன் எங்கே போகிறான், பெண்டாட்டி எங்கே போகிறாள் என்று பார்த்துத்தான் எங்களுக்குச் சோறு. ஆனால் யாராவது எஞ்சின் என்று சொல்லிவிட்டால் அவர் சாப்பாட்டை மறந்துவிடுவார். என் சாப்பாட்டையும் சேர்த்து மறந்துவிடுவார் என்பதுதான் என் குறை.

மணி ஒன்று இருபது.

ஹிருமா வாசலில் மழைக்கும் கூரைக்கும் நடுவே நின்றார். உள்ளே வரச் சொன்னால், தனக்கு அந்தக் கொட்டகையில் கால் வைக்க அருகதை இல்லை என்றார். அருகதை இல்லாவிட்டாலும் சளி பிடிக்கும் என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அன்னிக்கு எத்தனை தடவை திருப்பினீங்க?" என்று இவாமி கேட்டார்.

"ஒன்பது."

"எண்ணிட்டா இருந்தீங்க?"

"அப்ப எண்ணலை. அதுக்கப்புறம் தினமும் எண்ணறேன்."

"முதல் தடவை என்ன சத்தம் கேட்டுச்சு?"

"விர்ர்னு. லேசா. சயோவோட தையல் மிஷின் மாதிரி."

"ரெண்டாவது தடவை?"

"அதேதான். ஒன்பது தடவையும் அதே."

"யோசிச்சுச் சொல்லுங்க. முதல் தடவை, ஒரே ஒரு நொடியாவது, கனமா, முக்கி முக்கிச் சுத்துச்சா?"

ஹிருமா யோசித்தார். "இல்ல. ஆனா எப்படிச் சுத்தணும்னு எனக்குத் தெரியாதுங்க. அதுக்கு முன்னாடி இந்த வண்டியை நான் கிளப்பினதே இல்ல. படைத் தலைவர் மகாபேதான் எப்பவும் ஓட்டுவார். பத்தொன்பது வருஷமா அவர்தான். தீன்னு கிளம்பினா சாவியை வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டார்."

"அன்னிக்குக் குடுத்தாரே."

"ஆமா. ஓடி வந்தேன். அவர் வண்டிப் பக்கத்துல நின்னுட்டிருந்தார். என்னைப் பாத்ததும் சாவியைத் தூக்கிப் போட்டு, 'நீ ஓட்டு தம்பி'ன்னார்." ஹிருமா தரையைப் பார்த்தார். "எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அங்க ஒருத்தர் கிடங்கு எரியுது, இங்க எனக்குச் சந்தோஷம். ரெண்டு வருஷத்துல முதல் தடவையா ஒரு பொறுப்பைக் குடுத்தாங்களேன்னு. அந்த ஒரு நொடியை நினைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

ஸ்பானரைத் துடைத்தேன்.

ஹிருமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவாமி சீட்டைத் தூக்கினார். எஞ்சின் அதற்குக் கீழேதான் படுத்திருந்தது.

"பெல்ட் என்ன பண்ணும், தொகாஷி?"

"அறுந்து போய் நமக்கு வேலை குடுக்கும்."

"கீழே பிஸ்டன் ஏறி இறங்குது. மேலே வால்வு திறந்து மூடுது. இந்த எஞ்சின்ல ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் மாறி மாறி வந்து போகணும். ஒண்ணு வர்றப்ப இன்னொண்ணு விலகணும். அந்தத் தாளம் தப்பாம பாத்துக்கறது பெல்ட். அது அறுந்தா வால்வு நின்ன இடத்துல நிக்கும், பிஸ்டன் போய் முட்டும்."

"எங்க வீட்டுல காலையில குளியலறைக் கதவு மாதிரி."

"நல்ல எஞ்சின்னா காத்தை அமுக்கித்தான் சுத்தும், அதனால முக்கும். பெல்ட் போனது லேசா விர்ருன்னு சுத்தும். அன்னிக்கு முதல் திருப்புலதான் அறுந்துச்சுன்னா, அறுந்து போறதுக்கு முன்னாடி ஒரு முக்கலாவது கேட்டிருக்கணும்."

நான் ஸ்பானர் துடைப்பதை நிறுத்தினேன். "ஒரு முக்கல்கூட இல்லைன்னாரே. அப்ப அவர் சாவியைத் தொடறதுக்கு முன்னாடியே செத்துப் போயிருக்கு."

"அவர் சொல்றார். குற்றவாளி வாயால சொல்றதை ஊர் ஏன் நம்பணும்? எஞ்சின் சொல்லணும். மூடியைக் கழட்டு."

பெல்ட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடிக்கு ஐந்து போல்ட். நான்கு ஒரே மாதிரி, மங்கிச் சாம்பல் பூத்தவை. ஐந்தாவது கொஞ்சம் பெரிய தலை, அதில் ஆரஞ்சு நிறப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. இவாமி அதை மட்டும் வாங்கி விளக்கில் ஒருமுறை திருப்பிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். விளக்கை நேராகப் பிடிக்கச் சொன்னார்.

உள்ளே பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகெல்லாம் வெடிப்பு, ஓரம் நார்நாராகப் பிரிந்திருந்தது, பாதிப் பற்கள் இல்லை.

"கத்தி பட்ட வெட்டு இல்ல," என்றார் இவாமி. "வெறும் வயசு. எவனும் மாத்தலை, அதனால போச்சு."

அடுத்து பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாகப் பாம்பு கேமராவை விட்டோம். முதல் சிலிண்டர் சுத்தம். மூன்றாவதும் சுத்தம். இரண்டாவதில் பிஸ்டன் தலையில் நகம் பதிந்த மாதிரி ஒரு பிறைத் தழும்பு. சுவரில் பழுப்பாகத் துரு.

"துரு," என்றேன். "வால்வு வளைஞ்சு வாயைப் பிளந்துட்டு நிக்குது. கடல் காத்து உள்ளே போயிருக்கு. ஆறு நாள்ல இவ்வளவு வருமா?"

"கடலோரம், விடாத மழை. ஆறு நாள்லயும் வரும், ஆறு வாரத்துலயும் வரும். துரு தேதி போட்டுக்கிட்டு வர்றதில்ல."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மணி இரண்டு பத்து.

இவாமி சைக்கிள் பம்பை எடுத்தார். அதன் குழாய் நுனியில் பிளக் ஓட்டைக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு மூக்கு வைத்திருக்கிறார், அவரே செய்தது. மேல் பல்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் நகர்த்தி, வால்வுகள் மூட வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தார். "நான் ரெண்டாவது சிலிண்டருக்குள்ள காத்தடிக்கறேன். வளைஞ்சது எந்த வால்வோ அந்தப் பக்கமாக் காத்து ஓடும். உள்ளே இழுக்கற வால்வுன்னா இங்க மேலே சீறும். வெளியே விடற வால்வுன்னா புகைக்குழாய்ல வரும். நீ போய் குழாய்ல காதை வை."

"படுத்தாத்தான் எட்டும் பாஸ். தரை ஈரம்."

"உன் கோட்டு போன வருஷமே கிழிஞ்சிடுச்சு."

படுத்தேன். அவர் பம்பை அடித்தார். மேலே சீறலே இல்லை. பம்பின் அளவுமானி முள் ஏறவுமில்லை. காற்று எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் என் காதுக்கு ஒன்றும் வரவில்லை. கன்னத்தை வைத்தேன், கையை வைத்தேன். மூச்சே இல்லை.

"எதுவும் வரலை."

"வரணுமே. நல்லாப் பாரு."

விளக்கைக் குழாய்க்குள் அடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பாஸ். உள்ளே யாரோ வீடு கட்டியிருக்காங்க."

இவாமி பம்பைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில், அதே ஈரத் தரையில், படுத்தார். குழாயின் வாயிலிருந்து இரண்டு விரல்கடை உள்ளே, குறுக்கே அடைத்துக்கொண்டு ஒரு மண் சுவர். காய்ந்து இறுகி, விளிம்பு வரை வழவழவென்று பூசியிருந்தது. குளவிக்கூடு.

ஐம்பத்தெட்டு வயது அம்மாள் தரையில் படுத்துக்கொண்டு ஒரு புகைக்குழாயைப் பார்த்துப் புன்னகை செய்ததை அன்றுதான் பார்த்தேன். உதடு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அவர் கணக்கில் அது விழுந்து விழுந்து சிரிப்பது.

"குளவி நவம்பர்ல கூடு கட்டுமா, தொகாஷி?"

"என்கிட்ட கேக்காதீங்க. நான் அடுக்குமாடியில பொறந்தவன்."

"கட்டாது. வெயில் காலத்துல கட்டும், செப்டம்பரோட சரி. அக்டோபர் குளிர்ல செத்துப் போயிடும். இந்தச் சுவர் எழும்பினதுக்கு அப்புறம் இந்த எஞ்சின் ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தாக்கூட, இது சில்லு சில்லாப் பறந்திருக்கும்."

"ஒன்பது தடவை சாவியைத் திருப்பினாரே? அதுல பறக்காதா?"

"பெல்ட் இல்ல, வால்வு அசையாது. எஞ்சின் சுத்தும், மூச்சு விடாது. தொடாதே. போட்டோ எடு. அளவுகோலைப் பக்கத்துல வெச்சு எடு."

"ஆக, நம்ம சாட்சி ஒரு குளவி."

"குடும்பமா இருக்கும். உள்ளே அஞ்சாறு குஞ்சு தூங்குது. சத்தம் போடாதே."

அப்போது வாசலில் செருமல் கேட்டது.

மகாபே யோஷினோரி, தொண்டர் படைத் தலைவர். அறுபத்தொரு வயது, கதவை அடைக்கிற உடம்பு, மழைக்கோட்டுக்குள் சூடான காப்பி டின் மூன்று, கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட பதிவேடு. அதை எடுத்துவரச் சொல்லி இவாமிதான் காலையிலேயே கேட்டிருந்தார். நாங்கள் இருவரும் தரையில் கிடப்பதைப் பார்த்தும் பார்க்காதவர் போல ஒவ்வொருவருக்கும் ஒரு டின் கொடுத்தார். நல்ல மனிதர். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. இந்தத் தொழிலில் அது கெட்ட அறிகுறி.

"பாவம், சின்னப் பையன்," என்றார் மகாபே. "பதட்டத்துல மிதிச்சிட்டான். யாருக்கும் வர்றதுதான். நான் அவனைக் குத்தம் சொல்லலை மேடம். ஆனா ஊர்ல பேசறாங்க."

"அன்னிக்கு பெல்ட் போச்சுன்னு முதல்ல சொன்னது யாரு?"

"நான்தான். சத்தத்தைக் கேட்டே சொல்லிட்டேன். பழகின வண்டி."

"மூடியைத் திறந்து பாத்தீங்களா?"

"யாரும் தொடலை. அப்படியே பூட்டிட்டோம். வேணும்னா ஒரு தடவை திருப்பிக் காட்டட்டுமா? கேட்டா உங்களுக்கே தெரியும்."

"வேண்டாம்," என்றார் இவாமி. "தூங்கறாங்க."

மகாபே என்னைப் பார்த்தார். நான் காப்பியைக் குடித்தேன்.

இவாமி பதிவேட்டைத் திறந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு வண்டிச் சோதனை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரே வாசகம்: எஞ்சின் ஐந்து நிமிஷம் ஓடியது, பம்பு தண்ணீர் அடித்தது, குறை இல்லை. அதன் கீழே கையெழுத்துக்குப் பதிலாக வட்ட வட்டமாகப் பன்னிரண்டு பெயர் முத்திரைகள், சிவப்பு மையில். பன்னிரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

"பன்னெண்டு பேருக்கும் கை ஒரே மாதிரி கோணுதே," என்றேன்.

மகாபே கூச்சத்தோடு சிரித்தார். "எல்லார் முத்திரையும் ஊர்க்கூடத்துல ஒரு பிஸ்கட் டப்பாவுல இருக்குங்க. அந்த மாசம் யார் முறையோ, அவங்க வண்டியைப் பாத்துட்டு எல்லாருக்கும் சேர்த்துக் குத்திடுவாங்க. பறிப்பு நேரத்துல பன்னெண்டு பேரை எங்க கூட்டறது? இதெல்லாம் எல்லா ஊர்லயும் உள்ளதுதான்."

உள்ளதுதான். எங்கள் அலுவலக மேஜையிலும் இவாமியின் முத்திரை என் இழுப்பறையில்தான் கிடக்கிறது.

இவாமி அக்டோபர் பக்கத்தைப் பார்த்தார். ஓரத்தில் முறைக்காரர் பெயர் இருந்தது. பிறகு நவம்பர் பக்கத்தைத் திருப்பினார். அதை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடி என்னிடம் தராமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"சோதனையில தப்பு எதுவும் இல்லையே?" என்றார் மகாபே.

"எழுத்து அழகா இருக்கு. உங்க தோட்டத்துல பெட்டி ஏத்தற மோனோரயில் இருக்கா?"

"இல்லாம எப்படிங்க, இந்தச் சரிவுல பெட்டியை முதுகுலயா தூக்க முடியும்? இருபது வருஷப் பழசு. நானே பழுது பாத்து, நானே பெயிண்ட் அடிச்சு ஓட்டிட்டிருக்கேன்."

"என்ன பெயிண்ட்?"

"ஆரஞ்சு. வேற எந்த நிறம் கிடைக்கும் இங்க?"

இவாமி தலையசைத்துக் காப்பிக்கு நன்றி சொன்னார். மகாபே கிளம்பிப் போனார். மழை கொஞ்சம் குறைந்திருந்தது.

"பாஸ், கேஸ் முடிஞ்ச மாதிரி தெரியுது. உங்க மூஞ்சி அப்படித் தெரியலையே?"

"கருவிகளைத் துடைச்சு வை," என்றார்.

நான்கு மணிக்கு ஊர்க்கூடத்தில் பன்னிரண்டு பேர் பாய் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹிருமாவும் அதில் ஒருவர், கடைசியில், கதவோரம். நடுவில் தட்டில் மிகான் குவித்திருந்தது, யாரும் தொடவில்லை. தமாய் பெரியவர் இடது கையைக் கட்டோடு மடியில் வைத்துக்கொண்டு, எல்லோர்மீதும் கோபம் இருக்கிற முகத்தோடு இருந்தார். சமையலறைக் கதவருகே சயோ தேநீர்க் கெண்டியைப் பிடித்தபடி நின்றார்.

ஹிருமா சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"அதுக்கு முன்னாடி," என்று இவாமி முழங்காலிட்டு முன்னே நகர்ந்தார். "எனக்கு விவசாயம் தெரியாது. ஒரு விஷயத்துல உங்க உதவி வேணும்." என் கைப்பேசியை வாங்கி, பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். "இது என்னன்னு சொல்லுங்க."

கைப்பேசி கை மாறியது. அந்தக் கூட்டத்தில் முதல் தடவையாக அவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்றை யாரோ கேட்கிறார்கள். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"மண்குளவி."

"வாசல் பூசி முடிச்சிருக்கு. செப்டம்பர்ல கட்டினது."

"செப்டம்பர் முதல் பாதி. கடைசியில அந்தப் பெரிய மழைக்கு அப்புறம் குளவியே இல்லையே."

"எங்க மூங்கில் கழியிலயும் இதேதான். எங்க எடுத்தீங்க இதை?"

"உங்க தீயணைப்பு வண்டியோட புகைக்குழாயில," என்றார் இவாமி. "இப்பவும் முழுசா இருக்கு. எஞ்சின் ஒரு மூச்சு விட்டாலும் இது சிதறிடும். அதனால செப்டம்பருக்கு அப்புறம் அந்த எஞ்சின் ஓடலை. ஹிருமா போன வியாழக்கிழமை கொன்னதா சொல்றது, ஏற்கெனவே செத்துப்போன எஞ்சின்."

கைப்பேசியைக் கடைசியாக வைத்திருந்தவர் அதைப் பாயில் மெதுவாக வைத்தார். ஒருவரை ஒருவர் யாரும் பார்க்கவில்லை. பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பிஸ்கட் டப்பா அவர்கள் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது.

"அக்டோபர் ஆறாம் தேதி, எஞ்சின் அஞ்சு நிமிஷம் ஓடியது, குறை இல்லை," என்று இவாமி வாசித்தார். "முறை, மகாபே." சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சுத் தலை போல்ட்டை எடுத்து மகாபேயின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "பெல்ட் மூடியில இருந்துச்சு. யாரும் தொடலைன்னு சொன்னீங்க. உங்க மோனோரயில்ல ஒரு போல்ட் குறையும், போய் எண்ணிப் பாருங்க."

மகாபே போல்ட்டைப் பார்த்தார். எடுத்து மறைக்கவில்லை, மறுக்கவில்லை.

"திருப்பினேன்," என்றார். "டப்புன்னு ஒரு சத்தம். அப்புறம் விர்ருன்னு. திறந்து பாத்தா பெல்ட் தொங்குது. மூடறப்ப ஒரு போல்ட் உருண்டு எங்கேயோ போயிடுச்சு." கோப்பையைத் தள்ளி வைத்தார். "நகரத்துல சொன்னா வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஆள் குறைஞ்ச ஊருன்னு நம்ம படையைக் கலைச்சு பக்கத்து ஊரோட சேத்துடுவாங்க. போன வருஷமே அப்படித்தான் பேசினாங்க. பறிப்பு முடிஞ்சதும் நானே கழட்டிச் சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். ரெண்டு மாசம்தானேன்னு நினைச்சேன்."

"அது புரியுது," என்றார் தமாய் பெரியவர். முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அது எனக்குக்கூடப் புரியுது. அன்னிக்கு சாவியை ஏன் அந்தப் பையன்கிட்ட போட்டே?"

மகாபே இரண்டு கையையும் பாயில் ஊன்றி, பெரியவரை நோக்கி, நெற்றி பாயில் படக் குனிந்தார்.

"என் பக்கம் ஏன் குனியறே?" என்றார் பெரியவர். "அந்தப் பக்கம் திரும்பு."

மகாபே முழங்காலாலேயே திரும்பினார். அந்தப் பெரிய உடம்பு கதவோரம் இருந்த ஹிருமாவை நோக்கி மடிந்தது. வெகுநேரம் எழவில்லை. சயோ கெண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சமையல் ஏப்ரனால் மூடிக்கொண்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். வரும் வழியில் ஒரு ஊதோன் நூடுல்ஸ் கடை பார்த்து வைத்திருந்தேன்; மீன் வறுவலோடு அங்கே போகலாமா, அல்லது இவாமி மறுபடி சாப்பாட்டை மறப்பாரா என்பதுதான் என் மனதில் ஓடியது.

"நவம்பர் முறை என்னோடது," என்றார் ஹிருமா.

இவாமி கண்ணை மூடிக்கொண்டார். பையிலிருந்த பதிவேட்டை அவர் ஏன் என்னிடம் தரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மூணாம் தேதி. நான்தான் எழுதினேன். எஞ்சின் அஞ்சு நிமிஷம் ஓடியது, குறை இல்லைன்னு. சாவியைத் தொடக்கூட இல்லை. டப்பாவை எடுத்துப் பன்னெண்டு முத்திரையும் குத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

மகாபே சட்டென்று நிமிர்ந்தார். "நான்தான் போன்ல சொன்னேன். காலையிலேயே நான் பாத்துட்டேன், நீ குத்திட்டுப் போன்னு நான்தான் சொன்னேன். அவனுக்கு எதுவும் தெரியாது."

"சொன்னீங்க தலைவரே. ஆனா குத்தினது என் கை." ஹிருமா கடிதத்தை நான்காக மடித்தார். "அன்னிக்கு ஒரு தடவை திருப்பியிருந்தா, தீப்பிடிக்கறதுக்குப் பதினெட்டு நாள் இருந்துச்சு. வண்டி சரியாகியிருக்கும். எஞ்சினை நான் கொல்லலைன்னு இவங்க சொல்றது சரி. தமாய் ஐயாவோட கைக்கு நான் காரணம் இல்லைன்னு என்னால சொல்ல முடியாது. மன்னிச்சிடுங்க." அவரும் குனிந்தார். எழுதி வந்த கடிதத்தை அவர் வாசிக்கவே இல்லை.

எனக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒரு பகல் முழுக்க ஈரத் தரையில் படுத்துக் காப்பாற்றினால், தானாக எழுந்து போய்க் கழுத்தை நீட்டுகிறார்.

மற்றவர்கள் பாயின் நெசவை எண்ணிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பருக்கு முன்னாலும் எத்தனை முதல் ஞாயிறுகள், எத்தனை சிவப்பு வட்டங்கள் என்று ஒவ்வொருவருக்கும் தன் கணக்கு இருந்திருக்கும். தமாய் பெரியவர் ஹிருமாவின் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டுப் போடாத கையால் தட்டிலிருந்து ஒரு மிகானை எடுத்தார். ஒரு கையால் உரிக்க முயன்றார். முடியவில்லை. அதை உருட்டி ஹிருமாவின் முன்னால் விட்டார்.

"அந்த டப்பாவை வெச்சு நான் இருபத்தாறு வருஷம் குத்தியிருக்கேன்," என்றார். "என்னிக்கும் சாவியைத் திருப்பினதில்ல."

ஹிருமா நிமிர்ந்தார்.

"அப்ப நீயும் எங்க ஊர்க்காரன்தான்."

அவர் முகத்தில் இரக்கம் இல்லை, சிரிப்பும் இல்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, திட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. ஹிருமா மிகானை எடுத்து உரித்தார். சுளைகளைப் பிரித்துப் பெரியவர் முன்னால் வைத்தார்.

பெரியவர் ஒரு சுளையை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"நாளைக்கு மழை விட்டுடும். ஏழு மணிக்குப் பறிப்புக்கு வந்துடு," என்றார். "எனக்கு இப்ப ஒரு கைதான் இருக்கு."